குமுளிக்கு முந்திய நிறுத்தம்

தேனி,
18-6-1988

குண்டா,

ஒல்லிக்குச்சியான உன்னை இப்படிக் கூப்பிடுவது என் தப்பில்லை. வைகுண்டராஜ் என்று பெயர் வைத்து, நடுவில் குண்டை ஒளித்துவைத்தது உன் அப்பாதான்.

நீ நலமாக இருப்பாய் என்று எழுதினால் பொய். நான் நலம் என்று எழுதினாலும் பொய். அந்த வரியை இரண்டு பேரும் எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம்.

உன் விடுதி விலாசம் கேட்டு உங்கள் பெயிண்ட், இரும்புக் கடைக்குப் போனேன். டப்பா மூடியை நெம்புகிற கம்பியோடு உன் அப்பா என்னைப் பார்த்தார். என் மண்டை மூடியும் அதே அளவுதான் என்று தோன்றியதால் திரும்பிவிட்டேன். பிறகு உங்கள் கடையில் ஆணி நிறுக்கிற ராக்கையா அண்ணன்தான் டீக்கடையில் வைத்து விலாசம் சொன்னார். “ஏலே ஜெயிலு, மொதலாளி காதுக்குப் போச்சுன்னா எஞ் சோத்துல மண்ணுதான். அவன் படிக்கப் போயிருக்கான், அங்கனயும் போயி கலவரம் பண்ணாத” என்றார்.

நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். நீ கேட்காமலே ஊரை விட்டுப் போய்விட்டாய்.

உன் கிருபா அக்கா உனக்காக அந்த பஸ் விளையாட்டை எழுதினாள். செல்லப்பாண்டி சாரின் டைப்பிங் சென்டருக்கு கம்ப்யூட்டர் வந்த புதிதில், நாங்களெல்லாம் சொந்தப் பெயரை அடித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது அவள் ஒரு பஸ்ஸையே ஓட்டிவிட்டாள். தேனியில் கிளம்பி, கணக்குக்குச் சரியாகப் பதில் சொன்னால் பஸ் அடுத்த ஊருக்குப் போகும், கடைசி நிறுத்தம் குமுளி. தப்பாகச் சொன்னால் கண்டக்டர் ஏசி இறக்கிவிடுவார். அக்கா வண்டிப்பெரியாற்று மலையாளத்தானோடு போய்ப் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கொண்ட மறுவாரம், நீ சென்டருக்கு வந்து அதை அழித்தாய். உன் பின்னால் நின்று பார்த்தேன்.

நீ அழித்தது அழியவில்லை குண்டா. மிஷின் செய்வதெல்லாம் பெயரின் முதல் எழுத்தைக் கிள்ளி எறிவதுதான். மற்றதெல்லாம் போட்டது போட்டபடி கிடக்கும். வேறு எவனாவது அந்த இடத்தில் எதையாவது எழுதி ஏறி உட்காருகிறவரை அது மறந்த மாதிரி நடிக்கும். இதை ஒரு பத்திரிகையில் படித்தேன். படித்தால் சும்மா இருக்க முடியுமா? கிள்ளிய எழுத்தைத் திரும்ப ஒட்டவைத்து, ஒரு பிளாப்பித் தட்டிலும் நகல் எடுத்து வைத்தேன். நீ அசந்துபோவாய் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான்.

அன்றைக்கு சென்டர் நிறைய ஆள். நீ உட்கார்ந்ததும் திரையில் “ஏலே குண்டா, வந்துட்டியா? டிக்கெட்ட எடு” என்று வந்தது. முதலில் சிரித்தவன் நான். என் குற்றம் அது. மற்றவர்கள் சிரித்ததும், ஒச்சாண்டி அதைக் கடைவீதிக்குக் கொண்டுபோனதும் பிறகு நடந்தவை. ஆனால் முதல் சிரிப்பு என்னுடையது.

ஒரு வரியாவது எழுது. திட்டி எழுது. நீ திட்டினால் தமிழ் வளராது, ஆனால் எனக்குச் சோறு இறங்கும்.

ஜெய்லானி
(ஜெயிலில் அடிக்க வேண்டிய ஆணி)


பாளையங்கோட்டை,
2-7-1988

ஜெய்லானி அறிவது,

கடிதம் கிடைத்தது. வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். குண்டா என்று எழுதாதே.

உன் பக்கத்தைச் சொன்னாய். என் பக்கத்தையும் கேள்.

அன்று சாயங்காலம் ஒச்சாண்டி கடைக்கு வந்து, “அண்ணாச்சி, ஒங்க மக கம்ப்யூட்டருக்குள்ள இருந்து பேசுதாக” என்று சொல்லியிருக்கிறான். கடையில் ஆள் நின்றிருக்கிறது. அப்பா நேராக வீட்டுக்கு வந்தார். “அவ செத்துட்டான்னு தலை முழுகியாச்சு. செத்தவ எப்படிலே பேசுறா?” என்று என்னைக் கேட்டார். அக்காவின் போட்டோக்கள், ஸ்கூல் சர்ட்டிபிகேட், பாட்டுப் புத்தகத்தில் அவள் பெயர் எழுதிய தாள், எல்லாவற்றையும் அடுப்பில் போட்டார். அம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். மறுநாளே என்னை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்.

நான் அந்த விளையாட்டை அழித்தது அப்பா சொல்லி அல்ல. போவதற்கு முந்தின நாள் அக்கா என்னை சென்டருக்குக் கூட்டிப்போய் விளையாட வைத்தாள். வழக்கம்போல் உத்தமபாளையத்தில் பின்னக் கணக்கில் மாட்டிக்கொண்டேன். “நாளைக்காவது குமுளி வரைக்கும் போயிருலே” என்றாள். விடிந்தால் அவள் போய்விட்டாள். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். அதுதான் கோபம்.

எனக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று உனக்கு இருந்தால் ஒன்று செய். அதை நிஜமாக அழி. மிஷினிலும், நீ எடுத்து வைத்திருக்கிற பிளாப்பியிலும். உன்னாலேயே திரும்ப எழுப்ப முடியாத மாதிரி அழி. அழிப்பதற்கு முன் ஒரு வரிகூடப் படிக்காதே. அது உனக்கு எழுதியதில்லை.

வைகுண்டராஜ்


தேனி,
14-8-1988

அன்புள்ள வைகுண்டராஜ்,

பார், முழுப் பெயரும் எழுதிவிட்டேன். இன்லண்டில் பாதி இடம் போய்விட்டது.

வார்டன் ஐயாவுக்கு முதலில் வணக்கம். படித்துவிட்டு ஒட்டும்போது கொஞ்சம் பசை கூடப் போடவும்.

நீ சொன்ன வேலையில் இறங்கிவிட்டேன். பிளாப்பி சுலபம். வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே வைத்து, முழுக்கப் பூஜ்யத்தால் குளிப்பாட்டிவிட்டேன். மிஷின்தான் படுத்துகிறது.

அழிப்பது போல் நடிக்க அதற்குக் கண் சிமிட்டுகிற நேரம் போதும். நிஜமாக அழிக்க வேண்டுமானால், காலி என்று அது சொல்லிக்கொள்கிற இடம் முழுக்கப் பூஜ்யம் எழுத வேண்டும். நான் செல்லப்பாண்டி சாருக்கு ஒரு டைப்பிங் பாடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன் அல்லவா, எல்லாரும் அதில்தான் பழகுகிறார்கள். அதற்குள்ளேயே பூஜ்யம் எழுதும் வேலையையும் ஒளித்து வைத்தேன். அவ்வளவுதான், கம்ப்யூட்டர் வயலுக்குள் இறங்கிய எருமையாகிவிட்டது. அன்னத்தாய் அக்கா ஒரு எழுத்தைத் தட்டினால் அது சின்னமனூர் போய் டீ குடித்துவிட்டு வந்து திரையில் ஏறியது. “சார், மிஷினுக்கு வாதம் வந்திருச்சு” என்று அவள் கத்த, சார் என் காதைத் திருகினார். “ஏலே, இருக்கிறது ரெண்டு மிஷினு. கத்துக்க வர்றவுக எந்திரிச்சுப் போனா ஒன் மாமாவா வந்து ஒக்காருவாக? பூச்சிய மருந்து அடிக்கிறத நிறுத்து” என்றார். பூஜ்யம் என்று அவர் வாயில் வராது.

நான் திருகுபட்ட காதோடு ஒரு மூலையில் உட்கார்ந்து அன்னத்தாய் அக்காவைப் பார்த்தேன். அவள் ஒரு எழுத்தைத் தட்டுகிறாள். பிறகு அடுத்த எழுத்து எங்கே இருக்கிறது என்று, காணாமல் போன ஆட்டைத் தேடுகிற மாதிரித் தேடுகிறாள். அவ்வளவு நேரமும் மிஷின் சும்மா நிற்கிறது! அந்த இடைவெளியில் மட்டும் ஒரு கைப்பிடிப் பூஜ்யம் போட்டால் என்ன? விரல் பட்டவுடன் நிறுத்திவிட வேண்டும். விரல் எடுத்தால் மறுபடி ஒரு கைப்பிடி. மாற்றி எழுதினேன். இப்போது யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மிஷின் முன்பு போலவே ஓடுகிறது. ஊரே உட்கார்ந்து எழுத்துத் தேடுகிறது, தேடுகிற நேரத்திலெல்லாம் உன் வேலை நடக்கிறது. இந்த ஊரில் வேகமாக டைப் அடிக்கிறவர்கள் யாரும் இல்லாதது உன் அதிர்ஷ்டம்.

ஒரு வரிகூடப் படிக்கவில்லை. நம்பு. வாயைத் திறந்தால் பொய் சொல்கிறவன் என்று பெயரெடுத்த நான், இதில் மட்டும் அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

ஜெய்லானி


தேனி,
1-10-1988

அன்புள்ள வைகுண்டராஜ்,

பதில் இல்லை. பரவாயில்லை. வார்டனாவது படிக்கிறார் என்ற திருப்தியில் எழுதுகிறேன்.

முடிந்துவிட்டது. மிஷினுக்குள் இருக்கிற தட்டு முழுவதையும் ஒரு சொல்லை வைத்துத் தேடுகிற சின்ன வேலை ஒன்று எழுதியிருந்தேன். அது எதையும் காட்டாது. இருக்கிறது, இல்லை என்று மட்டும் சொல்லும். தேடக் கொடுத்த சொல், எழுதாதே என்று நீ சொன்ன அந்தப் பட்டப்பெயர். ஆகஸ்டில் இருக்கிறது என்றது. போன மாதமும் இருக்கிறது என்றது. நேற்று இல்லை என்றது. பக்கத்து மிஷினிலும் இல்லை.

இனி நானே வந்தாலும் எழுப்ப முடியாது. சாருக்குப் பெருமை தாங்கவில்லை. போடி ஏலக்காய் மண்டிக்காரர் ஒருவரிடம், “எங்க மிஷின்ல அழிச்சா அழிச்சதுதான், வேகமும் கொறையாது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் காதைத் திருகியதைச் சொல்லவில்லை.

நான் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்து முடித்த முதல் வேலை இதுதான் என்று நினைக்கிறேன். இதைக் கேட்டால் உனக்குக் கொஞ்சம் சிரிப்பு வர வேண்டும். வந்தால் எழுது.

ஜெய்லானி


பாளையங்கோட்டை,
12-10-1988

ஜெய்லானி,

நன்றி.

சிரிப்பு வரவில்லை. ஆனால் அன்று நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று இப்போது தோன்றுகிறது. காலாண்டில் கணக்கில் பாஸ் பண்ணிவிட்டேன். பின்னம் வந்துவிட்டது.

வைகுண்டராஜ்


பாளையங்கோட்டை,
21-11-1988

ஜெய்லானி,

அம்மா நேற்று வந்திருந்தாள். இங்கே சின்னம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சின்னம்மாவுக்கு ஒன்றுமில்லை.

கிருபா அக்கா இறந்துபோனாள். மஞ்சள் காமாலை. வண்டிப்பெரியாற்றிலிருந்து கோட்டயம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில். அவள் வீட்டுக்காரர் கடைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். அப்பா வந்தவரிடம் “தப்பான கடைக்கு வந்துட்டீக” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று கடையை வழக்கம்போல் பூட்டுகிற நேரத்துக்குத்தான் பூட்டினாராம். ராக்கையா அண்ணன் அம்மாவிடம் வந்து சொன்னபோது எல்லாம் முடிந்துவிட்டது.

விடுதி வாசல் வேப்பமரத்தடியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவ எழுத்து ஒண்ணாச்சும் எங்கனயாச்சும் இருக்காலே?” என்று கேட்டாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவளுக்கு எழுத்து எதற்கு என்று கேட்காதே. நானும் கேட்கவில்லை.

நீ என்ன எழுதினாய் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இனி நானே வந்தாலும் எழுப்ப முடியாது என்று எழுதினாய். ஆனால் நீ ஜெயிலு. எதையாவது மிச்சம் வைக்காமல் நீ ஒரு வேலை செய்ததில்லை. திருட்டுத்தனமாக ஒரு பிளாப்பியில் எடுத்து வைத்திருப்பாய். என்னிடம் சொன்னது பொய்யாக இருக்கும். பொய்யாக இருந்தால் கோபப்பட மாட்டேன்.

நான் ஒரு தடவைகூட குமுளி வரை போகவில்லை. அங்கே போய்ச் சேர்ந்தால் அவள் என்ன சொல்வாள் என்று பார்க்கவில்லை. ஏசமாட்டாள் என்று மட்டும் தெரியும். போய்ச் சேர்ந்தவனை ஏச முடியாது.

உடனே எழுது.

வைகுண்டராஜ்


தேனி,
29-11-1988

வைகுண்டராஜ்,

மூன்று தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். எந்த வரியை ஆரம்பித்தாலும் என் கை ஒரு கேலியை எழுதிவிடுகிறது. அது அதற்குப் பழகிவிட்டது.

அக்கா எனக்கும் அக்காதான். நோன்புப் பெருநாளைக்கு உங்கள் வீட்டுக்குப் பிரியாணி கொண்டுவரும்போதெல்லாம், தூக்குச்சட்டியைத் திறந்து, “இறைச்சி முழுக்க ஒங்க வீட்டுல இருக்கு, எங்களுக்கு அரிசியாலே?” என்பாள். மறுபடி வீட்டுக்கு ஓடி இன்னும் கொஞ்சம் கொண்டுவருவேன்.

நான் எடுத்து வைக்கவில்லை. எல்லா வேலையிலும் மிச்சம் வைத்தவன், நீ படிக்காதே என்றதால் இதில் மட்டும் வைக்கவில்லை. உன் கடிதம் வந்த அன்றே சென்டருக்குப் போய் இரண்டு மிஷின்களையும் கவிழ்த்துத் தேடிவிட்டேன். அங்கிருந்த எல்லார் பிளாப்பிகளையும் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அன்னத்தாய் அக்காவின் பாடப் பிளாப்பி, மண்டிக்காரர் விட்டுப்போனது, எதையும் விடவில்லை. இருந்த இடமெல்லாம் பூஜ்யம். ஒன்று விடாமல், ஒழுங்காக, யாருக்கும் தெரியாமல். செல்லப்பாண்டி சார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஏன்லே, கொஞ்சம் மோசமா எழுதியிருக்கக் கூடாதா?” என்றார்.

அன்றைக்கு உன்னைக் கேலி செய்ய அதை எழுப்பியபோது, அவள் எழுதியதை வரிவரியாகத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தேன். ஏசுகிற வரிகள்தான் எனக்கு வேண்டியிருந்தன. அவை கிடைத்ததும் நிறுத்திவிட்டேன். அதற்குக் கீழே என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஓடவிட்டிருந்தால் போதும்.

ஆனால் ஏசுகிற வரிகள் எனக்கு மனப்பாடம். அவற்றை வைத்து பஸ்ஸைத் திரும்ப ஓட்ட முடியும். அவள் எழுதியதாக இருக்காது. அவள் சொன்னதாக இருக்கும். அனுப்பவா?

ஜெய்லானி


பாளையங்கோட்டை,
5-12-1988

அனுப்பு. இங்கே ஸ்கூலில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அம்மா மறுபடி வருவாள். நான் படித்துக் காட்டுவேன்.

உன்னைக் குறை சொல்லவில்லை. அழிக்கச் சொன்னது நான். அதை நான் யாரிடமும் சொல்ல முடியாது, உன்னிடம்தான் சொல்ல முடியும்.

வை.


தேனி,
19-12-1988

வைகுண்டராஜ்,

பிளாப்பியை ராக்கையா அண்ணனின் மச்சான் கையில் கொடுத்து அனுப்புகிறேன். வெயிலில் வைக்காதே, மடிக்காதே.

வீரபாண்டி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “ஏலே, ஆறேழு எவ்வளவுன்னு ஆத்துல குளிக்கிற எருமைக்குக்கூடத் தெரியும்.” சின்னமனூரில் “எறங்கு, எறங்கி ரெண்டு வாழைப்பழம் தின்னுட்டு யோசி” என்று வரும். உத்தமபாளையத்தில் நீ மாட்டுகிற இடம்: “கால் கிலோ ஆணிய அரைக் கிலோன்னு குடுத்தா அப்பா ஒன்னத்தான்லே அடிப்பாரு.” கம்பத்தில் இருந்தது கொஞ்சம் மங்கல். திராட்சையைப் பற்றி ஏதோ. அதில் பாதி நான் சேர்த்தது, மன்னித்துக்கொள். கூடலூரில் அவள், “இன்னும் ஒரே ஊருதாம்லே, தூங்கிறாத” என்பாள். அதை மட்டும் எப்படியோ பார்த்திருக்கிறேன்.

குமுளிக்கு ஒன்று எழுதினேன். பிடிக்கவில்லை. இன்னொன்று எழுதினேன். அது நன்றாகவே இருந்தது. அவள் குரல்போலவே இருந்தது, அதுதான் பயமாகிவிட்டது. நீ அதை அவள் சொன்னதாகவே நம்பிவிடுவாய். பொய்யை உண்மை மாதிரி எழுத எனக்கு வரும் என்று உனக்குத் தெரியும். இந்த ஒரு இடத்தில் அதைச் செய்யக் கூடாது என்று அழித்துவிட்டேன். கூடலூருக்குப் பிறகு ஒன்றும் இல்லை. பஸ் நிற்கும். அவ்வளவுதான்.

ஒருமுறையாவது உன்னிடம் நேர்மையாக இருந்தேன் என்று வைத்துக்கொள்.

ஜெய்லானி


பாளையங்கோட்டை,
9-1-1989

ஜெயிலு,

அம்மா வந்துவிட்டுப் போனாள். வாத்தியாரிடம் கெஞ்சி கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிப்போனேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள்.

வீரபாண்டி வரியைப் படித்துக் காட்டியதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அவதாம்லே, அவளேதான்” என்றாள். சின்னமனூருக்கும் சிரித்தாள். உத்தமபாளையத்தில் நான் சரியாகப் பதில் சொன்னேன், ஆனாலும் அம்மா கேட்க வேண்டும் என்று ஒரு தடவை தப்பாகச் சொல்லி ஏச்சு வாங்கினேன். கம்பத்தில் நீ சேர்த்தது எது என்று கண்டுபிடித்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

கூடலூர் வந்தது. பஸ் நின்றது. திரையில் வேறெதுவும் வரவில்லை.

அம்மா காத்திருந்தாள். திரையைப் பார்த்தாள், பிறகு என் வாயைப் பார்த்தாள். “அப்புறம்? குமுளிக்குப் போயி என்ன சொல்லுறா?” என்றாள்.

நான் உன்னைப்போல் இல்லை, நினைத்தவுடன் ஒரு வரி வாயில் வராது. வண்டி பிரேக் டவுன் ஆகிவிட்டது என்று சொன்னேன். அம்மா தலையை ஆட்டினாள். எழுந்து, “சரி, அவ இறங்கி நடந்திருப்பா” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

நீ நேர்மையாக இருந்தாய். அதைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனாலும் கேட்கிறேன். ஸ்கூல் வாத்தியாரை ஏமாற்றினாய், செல்லப்பாண்டி சாரை ஏமாற்றினாய், கடைவீதியில் ஒருவரை மிச்சம் வைக்கவில்லை. அந்த ஒரு வரியில் எங்களையும் ஏமாற்றியிருக்கலாமேலே.

குண்டன்